யாழுக்கு உடல் தேடிய துறவி

யாழ் என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. ஆனால் பழைய யாழைக் கண்ணால் கண்ட தமிழர் பல நூற்றாண்டுகளாகவே இல்லை!

குழலையும் யாழையும் சேர்த்துச் சொல்லும் திருக்குறளைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். குழல் இன்றும் இருக்கிறது. யாழ் எங்கே? வீணையின் படத்தைப் போட்டு அதன் கீழே யாழ் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. வீணை வேறு, யாழ் வேறு. வீணையில் ஒரே தந்தியை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரந்தான். எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டும்.

சங்கப் புலவர்கள் கண்ட யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. மரம் மக்கியது, தோல் மட்கியது, நரம்பு அறுந்தது. மிஞ்சியவை பாட்டும் உரையும் கோயில் சிற்பங்களுந்தான்.

அந்தப் பாட்டுகளைத் தச்சன் கையில் கொடுக்கும் அளவுப் படம் போலப் படித்து, யாழுக்கு மறுபடி ஓர் உடல் கொடுக்க முடியும் என்று ஒருவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குத் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கொடுத்தார். அவர் ஒரு துறவி. அதோடு விஞ்ஞானம் படித்தவர். பெயர் சுவாமி விபுலானந்தர். தமிழ் உலகம் அவரை விபுலானந்த அடிகள் என்று போற்றுகிறது.

விஞ்ஞானம் கற்ற பண்டிதர்

இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு என்னும் ஊரில் 1892-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன்.

அவர் பிறந்த அதே 1892-ல்தான், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1889-ல், பத்துப்பாட்டு வெளிவந்திருந்தது. பின்னாளில் அடிகளின் ஆராய்ச்சிக்கு அடிப்படையாக இருந்தவை இந்த இரண்டு நூல்களுமே. அவை ஏட்டிலேயே கிடந்திருந்தால் அவர் தேடலுக்கு வழியே பிறந்திராது.

மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியில் படித்த மயில்வாகனன், 1908-ல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பிறகு அங்கேயே தொழில் நுட்பக் கல்லூரியில் சேர்ந்து விஞ்ஞானம் பயின்று, 1916-ல் டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் அதே ஆண்டில் வெற்றி கண்டார். பின்னர் லண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் வந்து சேர்ந்தது.

தமிழ்ப் பண்டிதருக்கு விஞ்ஞானம் தெரியாது, விஞ்ஞான ஆசிரியருக்குத் தமிழ் இலக்கணம் வராது என்று இருந்த காலம் அது. மயில்வாகனனார் இரண்டையும் கற்றார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார்.

உத்தியோகம் உயர்ந்துகொண்டிருக்கையில் அவர் மனம் வேறு பக்கம் திரும்பியது. 1922-ல் சென்னை வந்து இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல், பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். அன்று முதல் அவர் சுவாமி விபுலானந்தர்.

துறவு பூண்டவர் குகையைத் தேடிப் போகவில்லை. இலங்கை திரும்பிப் பள்ளிக்கூடங்களை நடத்தினார். 1929-ல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார்.

காவி உடுத்த பேராசிரியர்

அந்த 1929-ம் ஆண்டில்தான் சிதம்பரத்துக்குக் கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக் கழகம் உருவாயிற்று. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியே வளர்ந்து பல்கலைக் கழகமானது. கூடவே இசைக் கல்லூரி ஒன்றையும் அவர் அமைத்தார்.

1931-ல் அங்கே தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்த அடிகள் வந்து சேர்ந்தார். காவி உடுத்தவர் வகுப்பில் நின்று சங்க இலக்கியம் சொன்னது மாணவர்களுக்குப் புதுமை. பாரதியாரின் பாடல்களைப் பண்டிதர்கள் பலர் இலக்கியமாக ஒப்புக்கொள்ளத் தயங்கிய நாட்களில், பல்கலைக் கழகத்திலேயே அவற்றை எடுத்துப் பேசியவர் அவர். ஓய்வு நேரத்தில், அக்கம்பக்கத்துச் சேரிப் பிள்ளைகளின் படிப்பிலும் கவனம் செலுத்தினார்.

சிதம்பரம் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. ஜில்லாவின் தலைநகர் கடலூர். 1993-ல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து சிதம்பரம் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. யாழைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைக்காது.

ஏன் தெரியுமா? திருஞானசம்பந்தருடன் ஊர் ஊராகச் சென்று, அவர் பாடல்களை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்தை அடுத்த இராஜேந்திரப்பட்டினந்தான் அது. தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்த அறை தில்லைக் கோயிலில் இருந்தது என்பது வரலாறு. ஏடுகள் கிடைத்த பிறகு பண் முறை தெரியாமல் தவித்தபோது, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியே பண் வகுத்துக் கொடுத்தார் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். அப்பர் சுவாமிகள் கல்லோடு கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூரோ கடலூர் நகரத்திலேயே இருக்கிறது.

யாழ்ப்பாணரின் மனைவியார் பெயர் மதங்கசூளாமணி. நாடக இலக்கணத்தையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் ஆராய்ந்து அடிகள் எழுதிய நூலின் பெயரும் மதங்கசூளாமணிதான்! அந்த நூல் 1926-லேயே வெளிவந்துவிட்டது. யாழ்க் குடும்பத்தின் நினைவு, சிதம்பரத்துக்கு வருமுன்பே அவர் எழுத்தில் இடம் பெற்றிருந்தது.

பாட்டுக்குள் ஒரு பட்டறை

யாழைப் பற்றிச் சங்க நூல்களில் ஆங்காங்கே குறிப்பு உண்டு. ஆனால் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் பாடியது. கரிகாற் சோழனிடம் பரிசு பெற்ற பொருநன், பெறப் போகிற பொருநனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. தொடக்கத்திலேயே யாழ் வருகிறது.

யாழின் வயிறு போன்ற பகுதி பத்தர். பத்தல் என்றும் சொல்வார்கள். மரத்தைக் குடைந்து செய்வது. மான் குளம்பு அழுந்திய சுவடு போல நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்தது என்கிறார் புலவர். அதன் மேல் தோல் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்தத் தோலின் நிறம் விளக்குச் சுடரின் நிறம். இரண்டு தோல்களைச் சேர்த்துத் தைத்த தையல், இளஞ்சூல் கொண்ட சிவந்த மேனிப் பெண்ணின் வயிற்றிலே ஓடும் மெல்லிய மயிர் வரியைப் போலத் தெரிகிறது.

துளைகளை அடைத்து முடுக்கிய ஆணிகள், வளையில் இருக்கும் நண்டின் கண்களைப் போல் இருக்கின்றன. யாழின் வாய் எட்டாம் நாள் பிறை வடிவம். வாய் உண்டே தவிர உள்நாக்கு இல்லை. மேலே எழுந்த கோடு, படம் எடுத்து நிமிர்ந்த பாம்பு. கோட்டிலே நரம்பை இறுக்கும் திவவு, கரிய நிறத்துப் பெண்ணின் முன்கை வளையல். நரம்போ, குற்றிய தினை அரிசி போல முறுக்கும் பிசிறும் இல்லாதது.

அந்த யாழில் பாலைப் பண்ணை வாசித்தால் வழிப்பறிக் கள்வரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்களாம்!

படிக்கிறவர்கள் உவமையின் அழகைக் கண்டு மகிழ்ந்து அடுத்த அடிக்குப் போய்விடுவார்கள். அடிகள் போகவில்லை. ஒவ்வோர் உவமையும் அவருக்கு ஓர் அளவு, ஒரு வடிவம், ஒரு மூட்டு. நண்டுக் கண் என்றால் ஆணியின் தலை எவ்வளவு எழும்பி நிற்க வேண்டும்? பாம்பின் படம் என்றால் கோடு எவ்வளவு வளைய வேண்டும்? அவருடைய யாழ் நூலில், யாழுறுப்பியல் என்ற பகுதி முழுவதும் இந்த உறுப்புகளின் ஆராய்ச்சிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மேலே குடைவதா, பின்னே குடைவதா?

மரத்தில் இசைக்கருவி செய்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. கட்டையின் எந்த முகத்தைத் திறப்பது? திறந்ததை எதனால் மூடுவது?

பழங்காலத்துக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இக்காலத்து மின்சாரக் கிதார் செய்கிறவர்களும் இதே இடத்தில்தான் நின்று யோசிக்கிறார்கள். உள்ளே வைக்கும் மின்கருவிகளுக்காகச் சிலர் கட்டையின் முன் முகத்தைக் குடைந்து, மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடுகிறார்கள். சிலர் பின்புறம் குடைந்து, முன் முகத்து மரத்தின் ரேகை கெடாமல் காப்பாற்றுகிறார்கள். முன்னதில் வேலை எளிது. பழுது பார்ப்பதும் எளிது. பின்னதில் அழகு அதிகம். ஆனால் சுரைக்கும் குமிழ்களுக்கும் முகத்தில் தனித்தனியே துளை போட வேண்டும். கையில் உளி எடுக்கு முன்பே இதைத் தீர்மானித்தாக வேண்டும். குடைந்த மரத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

மின்சாரக் கிதாரில் ஒலியைப் பெருக்குவது மின்சாரம். ஆகவே எந்தப் பக்கம் குடைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. யாழில் அப்படி அல்ல. குடைந்த வெற்றிடமும் அதை மூடிய முகமுமே அதன் ஒலிபெருக்கி. மூடி தவறினால் யாழே தவறிவிடும்.

தமிழர் இதற்கு மூன்று வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

முதல் வழி, குடைவதே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் வருகிறான். இயற்கையிலேயே உள்ளே துளை உள்ள குமிழ மரக் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வாசிக்கிறான். வில்யாழ் அதுதான். எல்லா யாழுக்கும் அதுவே பாட்டன் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

இரண்டாம் வழி, மேல் முகத்தைக் குடைந்து தோலால் மூடுவது. பொருநராற்றுப்படையின் யாழ் இந்த வகை. மலைபடுகடாம் இன்னும் ஒரு படி உள்ளே போய், பத்தரில் பசையிட்டுச் சேர்த்ததையும், துளைகள் இறுக ஆணி முடுக்கியதையும் சொல்கிறது. பசை, ஆணி, தையல்! ஒரு பட்டறையின் முழு வேலையும் பாட்டில் இருக்கிறது.

மூன்றாம் வழி, மேல் முகத்தைக் குடைந்து மரப் பலகையால் மூடுவது. தஞ்சாவூர் வீணை இப்படித்தான். பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் செய்து, மேலே மெல்லிய பலகை பொருத்துகிறார்கள். குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் கடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை.

யாழுக்கு ஏன் தோல் வேண்டும்? யாழின் நரம்புகள் மேலே கோட்டிலும் கீழே பத்தரின் மீதும் கட்டப்பட்டு நிற்பவை. நரம்பைச் சுண்டும்போதெல்லாம் அது பத்தரின் முகத்தை மேலே இழுத்து விடுகிறது. முகம் அந்த இழுப்புக்கு இசைந்து அதிர வேண்டும். கனத்த மரம் இசையாது. தோல் இசையும். பின்பக்கமாகக் குடைந்து, முன் முகத்தைக் கட்டையாகவே விட்டால் யாழ் ஊமையாகிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. மேலே திறந்து குடைந்தால் சுவரின் கனத்தைக் கையால் தொட்டுப் பார்த்துச் சீவலாம். நரம்பைத் தாங்கும் யாப்பை உள்ளே நன்றாகப் பொருத்தலாம். எல்லாம் சரியான பிறகு கடைசியாகத் தோலைப் போர்த்தலாம்.

ஆனால் தோலுக்கு ஒரு குணம் உண்டு. மழைக் காற்றில் தளரும், வெயிலில் இறுகும். கடலூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோற்கருவி வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். முகம் தளர்ந்தால் அதன் மேல் கட்டிய நரம்புகளின் சுருதி எல்லாம் இறங்கும். பலகை மூடிய வீணைக்கு இந்தக் கஷ்டம் மிகக் குறைவு. யாழ் மறைந்து வீணை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பர்மாவில் ஓர் உறவினர்

தோல் போர்த்த யாழ் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாதபடி, அதன் நெருங்கிய உறவினர் ஒருவர் இன்றும் இருக்கிறார். பர்மியரின் சௌங் என்னும் வளைந்த யாழ் அது. அதன் உடல் படாக் என்னும் மரத்தைப் படகு போல மேலே குடைந்தது. முகம் மான் தோல். சிவப்பு அரக்கு பூசுவார்கள். நடுவே ஓடும் தண்டு தோலைத் தூக்கி நிறுத்த, இரு பக்கமும் தோல் சரிந்து நிற்கும். விளக்குச் சுடர் நிறத்துத் தோலையும், நடு உயர்ந்த மான் குளம்புச் சுவட்டையும் பொருநராற்றுப்படையில் படித்தவர்கள் அதைப் பார்த்தால் வியந்துதான் போவார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களிலும், சமுத்திரகுப்தனின் பொற்காசிலும் வளைந்த யாழ் காணப்படுகிறது. எகிப்திலும் சுமேரியாவிலும் அது இருந்தது. உலகத்துக்குப் பொதுவான ஒரு கருவியைத் தமிழ்ப் பாட்டு மிக நுட்பமாக எழுதி வைத்திருக்கிறது என்பதே இதில் நாம் பெருமைப்பட வேண்டியது.

குற்றமுள்ள மரம்

உடலின் வடிவம் தெரிந்தால் போதுமா? மரம் எது? கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு ஆகியவற்றைப் பழைய உரைகள் யாழுக்கு ஏற்றவை என்று சொல்கின்றன. முருக்கும் தணக்கும் இலேசான மரங்கள். கருங்காலி உறுதியானது. இலேசானது ஒலிக்கும், உறுதியானது நரம்பின் இழுப்பைத் தாங்கும். இரண்டும் வேண்டியதுதானே!

நல்ல மரத்திலும் குற்றம் வரும். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப் போட்டி வருகிறது. வாசிக்க வந்த சீவகனிடம் யாழ்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறார்கள். நீரில் கிடந்து அழுகிய மரம், தீயில் வெந்த மரம், இடி விழுந்த மரம் என்று காரணம் சொல்லி ஒவ்வொன்றையும் ஒதுக்குகிறான். குற்றமற்ற யாழ் வந்த பிறகே அவன் கை நரம்பைத் தொடுகிறது. தமிழ்க் காப்பியத் தலைவன் மரமும் அறிந்திருந்தான்!

நரம்பும் கணக்கும்

உடல் கிடைத்தாலும் உயிர் வேண்டுமே. யாழின் உயிர் நரம்புகளின் சுருதி. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்பது உரைகளில் காணும் கணக்கு. எந்த நரம்பை எவ்வளவு இறுக்குவது?

இங்கேதான் விஞ்ஞானப் பட்டதாரி கை கொடுத்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள் என்பது சிலப்பதிகார வழி. கூட்டினால் 22. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி. மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் சுரம். இந்தப் பின்னங்களை வைத்துக்கொண்டு 22 அலகுகளையும் அடிகள் கணக்கிட்டார். ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலை எப்படிப் பிறக்கிறது என்பதையும் எண்களால் காட்டினார்.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டு, 24 அலகுகள் என்று வாதாடினார். அடிகள் 22 என்றார். முடிவில் வேறுபட்டாலும், தமிழிசைக்குக் கணக்கும் சான்றும் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே.

யாழ் தோற்ற இடம்

தேவாரத்துக்கு யாழ் நூலில் தனி இயலே உண்டு. தருமபுரத்தில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியைத் தமிழர் அறிவர். தம் யாழால்தான் சம்பந்தர் பாட்டு சிறக்கிறது என்று உறவினர் சொல்லக் கேட்டு வருந்தினார் யாழ்ப்பாணர். சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். அது யாழில் அடங்கவில்லை. யாழையே உடைக்க ஓங்கினார் பாணர். சம்பந்தர் தடுத்தார்.

பக்திக் கதைதான். ஆனால் அதற்குள் ஓர் இசை உண்மை இருக்கிறது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற கருவியால், குரலின் குழைவையும் வளைவையும் பின்தொடர முடியாது. கமகம் பெருகப் பெருக, தந்தியை அழுத்தியும் இழுத்தும் வாசிக்கும் வீணைக்கு மதிப்பு ஏறியது, யாழுக்கு இறங்கியது. யாழை யாரும் வேண்டுமென்று கைவிடவில்லை. பாட்டு வளர்ந்த வேகத்துக்கு அதன் உடல் ஈடு கொடுக்கவில்லை.

ஊர் ஊராய் ஒரே வேலை

1933-ல் அடிகள் அண்ணாமலை நகரை விட்டுப் புறப்பட்டார். யாழ் அவரை விடவில்லை. 1936-ல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்து, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல வழி வகுத்தார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1943-ல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இதற்கிடையே, 1941-ல், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. மேடைகளில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அடிகளின் ஆராய்ச்சியை எதிர்நோக்கும் கூட்டமும் பெருகியது.

ஆனால் உடம்பு? பல ஊர், பல வேலை, ஓயாத படிப்பு. உடல் நலிந்துகொண்டே வந்தது. நூல் முடிவதற்குள் ஆயுள் முடிந்துவிடுமோ என்று அன்பர்கள் அஞ்சினார்கள். அடிகள் நோயோடு போராடி எழுதி முடித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அச்சிட முன்வந்தது.

திருக்கொள்ளம்பூதூரில் இரண்டு நாள்

1947-ம் ஆண்டு ஜூன் 5, 6 தேதிகள். ஆற்று வெள்ளத்தில் சம்பந்தரின் ஓடம் தானே கரை சேர்ந்த தலமென்று போற்றப்படும் திருக்கொள்ளம்பூதூரில், கோயில் திருமுன் யாழ் நூல் அரங்கேறியது. பழங்காலத்துப் புலவர்கள் காப்பியம் அரங்கேற்றியதைப் போலவே ஏற்பாடுகள் செய்திருந்தார்கள்.

அடிகளின் ஆராய்ச்சியைத் தழுவிச் செய்த முளரி யாழையும் வீணை வகைகளையும் ஏந்தி ஊர்வலம் வந்தது. அதுவரை ஏட்டில் எழுத்தாகவும் காகிதத்தில் எண்ணாகவும் இருந்த யாழ், மரமும் நரம்புமாகத் தெருவில் வந்தது. கருவிகளை இசைத்துக் காட்டியவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை. தஞ்சை நால்வரின் வழித்தோன்றலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இசை கற்பித்தவருமான பொன்னையா பிள்ளையின் மைந்தர் அவர். சிதம்பரத்தின் கை இங்கேயும் இருந்தது!

அடிகளுக்கு அன்று கிடைத்த பெரும் பேறு மாலையோ பாராட்டோ அல்ல. கணக்கு ஒலியாக மாறியதைத் தம் காதால் கேட்டதுதான்.

அரங்கேற்றம் முடிந்து ஒன்றரை மாதம் ஆவதற்குள், ஜூலை 19-ந் தேதி, கொழும்பில் அடிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். வயது ஐம்பத்தைந்து. மட்டக்களப்பில் அவர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலயத்திலேயே அவருக்குச் சமாதி அமைந்தது.

அவர் விட்டுச் சென்றது

அடிகள் கண்ட யாழே பண்டைய யாழ் என்று அறிஞர்கள் எல்லோரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அவர் கணக்கோடு மாறுபடுகிறவர்கள் உண்டு. அவர் காலத்தில் வெளிவராத இசை நூலான பஞ்சமரபு 1970-களில் அச்சேறி, ஆராய்ச்சியை மேலும் விரித்தது. பொருநராற்றுப்படையைப் பார்த்துப் புதிதாக யாழ் செய்து வாசிக்கிற இளைஞர்களும் இப்போது தோன்றியிருக்கிறார்கள். மேலே குடைந்து தோல் போர்த்தும் அதே வேலையை அவர்களும் செய்கிறார்கள்.

அதில் அடிகளுக்குக் குறைவு எதுவும் இல்லை. பின்வந்தவர்கள் திருத்துவதற்கும் முதலில் ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவத்தை வரைந்து கொடுத்தவர் அவரே. உவமை என்று ஒதுக்கப்பட்டதை அவர் அளவாகப் படித்தார். புராணம் என்று ஒதுக்கப்பட்டதில் இசை நுட்பத்தைத் தேடினார். ஏட்டில் சொன்னதைச் செய்து பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்தே மெய் காண வேண்டும் என்று காட்டினார்.

தமிழின் பழம்பெருமையைப் பேசுகிறவர்கள் பலர். அந்தப் பெருமையை உளியும் முழக்கோலும் கொண்டு அளந்து பார்க்கத் துணிந்த துறவி ஒருவரே. நண்டுக் கண் போன்ற ஆணியும், எட்டாம் பிறை போன்ற வாயும், சுடர் நிறத்துத் தோலும் இனி வெறும் சொற்கள் அல்ல; தச்சனிடம் கொடுத்துச் செய்யச் சொல்லக்கூடியவை. விபுலானந்த அடிகள் தமிழருக்கு வைத்துவிட்டுப் போன சொத்து அதுவே.